14 இஞ்ச் டிவியும் 14 இஞ்ச் லேப்டாப்பும்

தமிழ்நாட்டு வீடுகளுக்குள் அரசாங்கமே திரையைக் கொண்டுவந்து வைத்தது இரண்டு முறை. முதல் முறை 2006 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள். கருணாநிதி ஆட்சியின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் அன்று தொடங்கியது. 2011இல் அந்தத் திட்டம் நிறுத்தப்படுவதற்குள் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட பெட்டிகள் போய்ச் சேர்ந்திருந்தன. இரண்டாவது முறை 2011 செப்டம்பர் 15, அதே அண்ணா பிறந்தநாள்! திருவள்ளூரை அடுத்த காக்களூரில் ஜெயலலிதா தொடங்கி வைத்த நலத்திட்டங்களில் மாணவர்களுக்கான இலவச மடிக்கணினியும் ஒன்று. இரண்டு திட்டங்களுக்கும் கொள்முதல் செய்தது ஒரே நிறுவனம், எல்காட். இரண்டு திரைகளுக்கும் சொல்லப்பட்ட அளவும் ஒன்றே: 14 இஞ்ச்.

விம்கோ நகர் அப்போது திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்த திருவொற்றியூர் நகராட்சியில் இருந்தது (2011இல்தான் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது). ரேஷன் கார்டுக்கு ஒரு டிவி, பிளஸ் டூ படித்த பிள்ளைக்கு ஒரு லேப்டாப் என்று இரண்டையும் வாங்கிய வீடுகள் அங்கே மட்டுமல்ல, மாநிலம் முழுக்க உண்டு. அப்படி ஒரு வீட்டில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் ஒரு சந்தேகம் வந்திருக்கும். இரண்டும் 14 இஞ்ச் என்றால், ஒன்று சதுரத்துக்குப் பக்கமாகவும் இன்னொன்று பட்டையாகவும் இருப்பது ஏன்? இரண்டில் எது பெரியது?

பதில் எட்டாம் வகுப்புக் கணக்குதான். திரையின் அளவு என்று சொல்லப்படுவது அகலமும் இல்லை, உயரமும் இல்லை. ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குப் போகும் கோடு, அதாவது மூலைவிட்டம். பழைய டிவியின் அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம் 4:3. பிதாகரஸ் தேற்றத்தைப் பாடம் நடத்தும்போது எல்லா வாத்தியாரும் கரும்பலகையில் முதலில் வரையும் 3, 4, 5 முக்கோணம் நினைவிருக்கிறதா? அதேதான். மூலைவிட்டம் 5 பங்கு என்றால் அகலம் 4 பங்கு, உயரம் 3 பங்கு. ஆகவே 14 இஞ்ச் டிவியின் அகலம் 11.2 இஞ்ச், உயரம் 8.4 இஞ்ச். பரப்பளவு ஏறக்குறைய 94 சதுர இஞ்ச்.

லேப்டாப் திரை 16:9. இதில் அகலம் மூலைவிட்டத்தில் 0.87 பங்கு, உயரம் 0.49 பங்கு. அதாவது 12.2 இஞ்சுக்கு 6.9 இஞ்ச். பரப்பளவு 84 சதுர இஞ்ச். ஒரே 14 இஞ்ச், ஆனால் பத்து சதுர இஞ்ச் காணாமல் போய்விட்டது! (பழைய டிவியில் கண்ணாடிக் குழாயின் ஓரம் பெட்டிக்குள் மறைந்துவிடும் என்பதால் கண்ணுக்குத் தெரியும் படம் அரை இஞ்சுக்கு மேல் குறையும். அதைக் கழித்தாலும் உயரத்தில் டிவிதான் ஜெயிக்கும்.)

சதுரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் வடிவத்துக்குப் பரப்பு அதிகம், நீண்ட வடிவத்துக்குக் குறைவு. மூலைவிட்டம் மாறாமலே ஒரு செவ்வகத்தை நசுக்கிக்கொண்டே போகலாம். கடைசியில் அது வெறும் கோடாகிவிடும். அந்தக் கோடும் 14 இஞ்ச்தான். கடைக்காரர் சொல்லும் ஒற்றை எண்ணில் இருக்கும் ஓட்டை இதுதான்.

விம்கோ நகர் என்ற பெயரே ஒரு பெட்டியிலிருந்து வந்தது. சுவீடன் நாட்டுத் தீப்பெட்டி நிறுவனம் 1923இல் இந்தியாவில் தொடங்கிய வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனியின் சுருக்கம்தான் விம்கோ. அதன் தொழிற்சாலை திருவொற்றியூரில் இருந்ததால் ரயில் நிலையத்துக்கும் ஊருக்கும் அந்தப் பெயர். தீப்பெட்டியை யாரும் மூலைவிட்டத்தை வைத்து விற்றதில்லை; உள்ளே எத்தனை குச்சி என்றுதான் மேலே அச்சடித்தார்கள். திரைக்கு மட்டும் மூலைவிட்டம் எப்படி வந்தது?

முதலில் வந்த டிவி குழாய்களின் முகப்பு வட்டமாக இருந்தது. வட்டத்துக்கு விட்டம் ஒன்றுதானே அளவு. 10 இஞ்ச் குழாய், 12 இஞ்ச் குழாய் என்று விட்டத்தைச் சொல்லி விற்றார்கள். 1950ஐ ஒட்டிய ஆண்டுகளில் செவ்வக முகப்புள்ள குழாய்கள் பரவியபோது, விட்டத்துக்குப் பதில் மூலைவிட்டம் உட்கார்ந்துகொண்டது. எல்லா டிவியும் 4:3 ஆக இருந்தவரை அதில் தப்பும் இல்லை. வடிவம் ஒன்றே என்றால் 20 இஞ்ச் 14 இஞ்சை விடப் பெரியது, 21 இஞ்ச் 20ஐ விடப் பெரியது. ஒற்றை எண் போதும். வடிவங்கள் இரண்டு, மூன்று என்று ஆன பிறகுதான் வம்பு.

சரி, அந்த 4:3 எங்கிருந்து வந்தது? டிவியிலிருந்து இல்லை, சினிமாவிலிருந்து. 1890களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் எடிசனின் ஆய்வுக்கூடத்தில் டிக்சன் என்பவர், ஈஸ்ட்மன் கம்பெனியின் 70 மி.மீ. பிலிமை நடுவில் இரண்டாகக் கிழித்து 35 மி.மீ. ஆக்கினார். ஒரு படத்துக்கு ஓரத்தில் நான்கு துளைகள். துளைகள் போக மிஞ்சிய இடத்தில் படம் ஒரு இஞ்ச் அகலம், முக்கால் இஞ்ச் உயரம். அதுதான் 4:3. இதில் அழகியல் ஆராய்ச்சி எதுவும் நடந்ததாகச் சொல்ல முடியாது. கையில் இருந்த பிலிமின் அகலமும் துளையின் கணக்கும் சேர்ந்து கொடுத்த வடிவம், அவ்வளவே. 1909இல் பாரிஸில் கூடிய சர்வதேச மாநாடு அதையே பொது அளவாக ஏற்றது.

1905இல் திருச்சியில் ரயில்வே வேலையில் இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், டுபான்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் புரொஜக்டரும் படங்களும் வாங்கிக்கொண்டு ஊர் ஊராகக் கூடாரம் அடித்துக் காட்டினாரே, அந்தக் கூடாரத் திரையில் விழுந்ததும் இதே குடும்பத்து வடிவம்தான். பேசும்படம் வந்தபோது பிலிமின் ஓரத்தில் ஒலிக்கும் இடம் விட வேண்டியிருந்ததால் கொஞ்சம் குழப்பம். 1932இல் ஹாலிவுட் அகாடமி 1.37 என்று நிர்ணயித்து அதைச் சரிசெய்தது. 4:3 என்பது 1.33, வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. டிவிக்காரர்கள் வந்தபோது சினிமாவின் வடிவத்தையே எடுத்துக்கொண்டார்கள். இரண்டு பேரும் ஒரே வடிவத்தில் இருந்தது சில ஆண்டுகள்தான்.

அமெரிக்காவில் டிவி வீட்டுக்கு வீடு நுழைந்து தியேட்டர் கூட்டத்தை இழுத்துக்கொண்டு போனது. வீட்டில் கிடைக்காததைக் காட்டினால்தான் ஜனங்கள் வருவார்கள் என்று சினிமா கம்பெனிகள் திரையை அகலப்படுத்தின. ஹென்றி கிரெட்டியன் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி 1920களிலேயே ஒரு லென்ஸ் செய்து வைத்திருந்தார். படம் எடுக்கும்போது அகலத்தைப் பாதியாக நெருக்கி அதே 35 மி.மீ. பிலிமுக்குள் அடைக்கும், காட்டும்போது புரொஜக்டர் லென்ஸ் மறுபடியும் விரித்துவிடும். ட்வென்டியத் செஞ்சுரி பாக்ஸ் அதை வாங்கி சினிமாஸ்கோப் என்று பெயர் வைத்தது. 1953இல் 'தி ரோப்' வெளியானது. விகிதம் முதலில் 2.55, பிறகு 2.35 என்று நிலைத்தது. உயரத்தைப் போல இரண்டேகால் மடங்குக்கும் மேல் அகலம்!

இந்தியாவின் முதல் சினிமாஸ்கோப் படம் குரு தத்தின் 'காகஸ் கே பூல்', 1959. தமிழுக்கு அது வர இன்னும் பதினான்கு ஆண்டுகள் ஆயின. 1973இல் ஏ.பி. நாகராஜன் இயக்கத்தில் சிவாஜி கணேசன் நடித்த 'ராஜராஜ சோழன்' தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம். தயாரித்தவர் அண்ணா சாலை ஆனந்த் தியேட்டரின் அதிபர் ஜி. உமாபதி. தியேட்டர்காரர் ஒருவர்தான் முதலில் திரையை அகலமாக்கத் துணிந்தார் என்பது கவனிக்க வேண்டிய சங்கதி. சென்னைக்குத் தொலைக்காட்சி நிலையம் வந்தது 1975 ஆகஸ்ட் 15இல். ஆக, அமெரிக்காவில் எதிரி வந்த பிறகு ஆயுதம் வந்தது. இங்கே எதிரி வருவதற்கு இரண்டு வருடம் முன்பே ஆயுதம் வந்துவிட்டது. அதற்குப் பிறகு 1986இல் ரஜினியின் 'மாவீரன்' தமிழின் முதல் 70 எம்.எம். படமாக வந்தது. 70 எம்.எம். என்றால் 2.2 என்ற விகிதம். வடசென்னையில் தண்டையார்பேட்டை அகஸ்தியா போன்ற தியேட்டர்களுக்கு (1967இல் தொடங்கி 2020இல் மூடப்பட்டது) படம் பார்க்கப் போன ரசிகர்களுக்கு ஸ்கோப் என்பது பழகிப்போன சொல். போஸ்டரிலேயே போட்டுவிடுவார்கள்.

இப்போது சிக்கலைப் பாருங்கள். சினிமா 2.35 அகலத்துக்குப் போய்விட்டது. டிவி 4:3லேயே நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தூர்தர்ஷனில் படம் போட்டால், பிறகு 1993 ஏப்ரல் 14இல் தொடங்கிய சன் டிவியில் போட்டால், இந்த அகலத்தை அந்தப் பெட்டிக்குள் எப்படி அடைப்பது?

இரண்டே வழி. முழுப் படத்தையும் காட்டினால் மேலேயும் கீழேயும் கறுப்புப் பட்டை விழும். 4:3 திரையில் ஸ்கோப் படத்தை அப்படிக் காட்டினால் திரையின் உயரத்தில் 57 சதவீதம்தான் படம், மீதி கறுப்பு. "காசு கொடுத்து வாங்கின டிவியில பாதி தெரியல" என்று பார்ப்பவர் கோபப்படுவார். இன்னொரு வழி, இரண்டு ஓரத்தையும் வெட்டிவிட்டு நடுவை மட்டும் காட்டுவது. வெட்டினால் படத்தின் அகலத்தில் 43 சதவீதம் போய்விடும். பெரும்பாலும் நடந்தது இரண்டாவதுதான். இந்த ஓரத்தில் அப்பா, அந்த ஓரத்தில் மகன், நடுவில் ஒரு பூஜாடி என்று இயக்குநர் வைத்த காட்சியில், வீட்டில் இருந்தவர்கள் பார்த்தது பூஜாடியை. குரல் மட்டும் இரண்டு பக்கமிருந்தும் வரும்.

இதில் ஒரு கூத்தும் உண்டு. டைட்டில் எழுத்துகளை வெட்ட முடியாது, பெயர் போய்விட்டால் சண்டை வரும். ஆகவே பல ஒளிபரப்புகளில் டைட்டில் ஓடும்வரை மட்டும் படத்தைப் பக்கவாட்டில் நெருக்கிக் காட்டினார்கள். ஹீரோ, ஹீரோயின், அவர்கள் ஓட்டும் கார் எல்லாமே ஒல்லியாக, நெட்டையாக இருக்கும். டைரக்டர் பெயர் வந்து மறைந்ததும் சட்டென்று எல்லாரும் சரியான உருவத்துக்கு வந்துவிடுவார்கள், ஆனால் ஓரங்கள் போய்விடும். அந்த நாளில் டிவி பார்த்து வளர்ந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

இந்த 4:3க்கும் 2.35க்கும் நடுவில் ஒரு சமாதானப் பேச்சுவார்த்தையாகப் பிறந்ததுதான் 16:9. 1980களில் எச்டி டிவிக்கு என்ன வடிவம் என்று உலக அளவில் விவாதம் நடந்தது. ஜப்பானின் என்எச்கே 5:3 என்று சொல்லிவந்தது. அமெரிக்கப் பொறியாளர் கெர்ன்ஸ் பவர்ஸ், புழக்கத்தில் இருந்த எல்லா வடிவங்களையும் ஒரே பரப்பளவுள்ள செவ்வகங்களாக வெட்டி, மையம் பொருந்தும்படி ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்த்தார். எல்லாவற்றையும் உள்ளடக்கும் வெளிச்சட்டத்தின் விகிதம் 1.77. எல்லாவற்றுக்கும் பொதுவாக உள்ள உட்சட்டத்தின் விகிதமும் 1.77. அதற்கு நெருக்கமான எளிய விகிதம் 16:9. கணக்குப் பிடித்தவர்கள் 1.33ஐயும் 2.35ஐயும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்துப் பாருங்கள், அதே 1.77 வரும்.

ஆக, 16:9 எந்தப் படத்துக்கும் கச்சிதமாகப் பொருந்த வேண்டும் என்று பிறந்த வடிவமே இல்லை. யாருக்கும் ரொம்ப நஷ்டம் வராமல் இருக்கப் பிறந்தது. ஸ்கோப் படம் போட்டால் மேலும் கீழும் கொஞ்சம் கறுப்பு (உயரத்தில் கால் பங்குக்குச் சற்றுக் குறைவு). பழைய சீரியல் போட்டால் பக்கவாட்டில் கொஞ்சம் கறுப்பு (அகலத்தில் சரியாகக் கால் பங்கு). இதைப் புரிந்துகொண்டால் கறுப்புப் பட்டையைக் கண்டு எரிச்சல் வராது. அது டிவியின் கோளாறு இல்லை, படத்தின் உண்மையான வடிவம்.

ஆனால் எல்சிடி டிவி வீடுகளுக்குள் வந்தபோது நடந்தது வேறு. திரை 16:9, கேபிளில் வந்த நிகழ்ச்சியோ 4:3. பக்கவாட்டுக் கறுப்பைப் பொறுக்க முடியாமல் ரிமோட்டில் ஒரு பொத்தானை அழுத்தி இழுத்து நிரப்பிவிட்டார்கள். அகலம் மூன்றில் ஒரு பங்கு கூடிப்போனது. வட்டப் பொட்டு முட்டைப் பொட்டானது. ஒல்லியான ஹீரோக்கள் குண்டானார்கள். டைட்டிலில் நெட்டையாகத் தெரிந்த அதே நடிகர்கள் இருபது வருடம் கழித்துக் குட்டையாகத் தெரிந்தார்கள்! இன்றைக்கும் பல வீடுகளில், டீக்கடைகளில் டிவி அப்படியே ஓடிக்கொண்டிருக்கிறது. ரிமோட்டில் பட விகிதம் மாற்றும் அமைப்புக்குப் போய் 4:3 என்றோ 'ஒரிஜினல்' என்றோ வைத்தால் போதும், ஐந்து விநாடி வேலை.

பழைய குழாய் டிவியை மாற்றியவர்களுக்கு இன்னொரு ஏமாற்றமும் காத்திருந்தது. 29 இஞ்ச் பெட்டியைக் கொடுத்துவிட்டு 32 இஞ்ச் எல்சிடி வாங்கினால் மூன்று இஞ்ச் லாபம் என்றுதான் யாரும் நினைப்பார்கள். 29 இஞ்ச் 4:3 குழாயின் உயரம் கணக்குப்படி 17.4 இஞ்ச். 32 இஞ்ச் 16:9 திரையின் உயரம் 15.7 இஞ்ச். அகலம் கூடியது, உயரம் குறைந்தது. 4:3 நிகழ்ச்சியை நீட்டாமல் பார்த்தால் 26 இஞ்ச் டிவியில் பார்ப்பதற்குச் சமம். பழைய டிவியின் உயரம் குறையக்கூடாது என்றால் அதன் இஞ்சை 1.22ஆல் பெருக்க வேண்டும். 21 இஞ்சுக்குப் பதில் 26, 29க்குப் பதில் 35 அல்லது 36. இந்த ஒரு பெருக்கலைக் கடையில் சொல்லிக் கொடுத்தவர்கள் குறைவு.

கம்ப்யூட்டர் பக்கம் இதைவிட மோசம், ஏனென்றால் அங்கே உயரம்தான் உயிர். எழுத்து மேலிருந்து கீழே ஓடுகிறது. 2000களின் பிரவுசிங் சென்டர்களில் குழாய் மானிட்டருக்கு அடுத்து வந்தது 17 இஞ்ச் 'சதுர' எல்சிடி. உண்மையில் அது சதுரம் இல்லை, 5:4. அகலத்தில் 1280 புள்ளிகள், உயரத்தில் 1024. திரையின் உயரம் 10.6 இஞ்ச். சில ஆண்டுகள் கழித்து அதன் இடத்தில் 18.5 இஞ்ச் அகல மானிட்டர் வந்தது. 17ஐ விட 18.5 பெரியதுதானே! ஆனால் அதன் உயரம் 9.1 இஞ்ச். புள்ளிகள் 1366 × 768. ஒன்றரை இஞ்ச் உயரமும், 256 வரிசைப் புள்ளிகளும் போய்விட்டன. ஒரு விண்ணப்பப் படிவத்தைத் திறந்தால் முன்பு ஒரே பார்வையில் தெரிந்தது, இப்போது மவுஸ் சக்கரத்தை உருட்டினால்தான் தெரியும்.

ஏன் இப்படிச் செய்தார்கள்? கம்பெனிகளுக்கு இதில் இரண்டு லாபம். டிவி திரையையும் கம்ப்யூட்டர் திரையையும் ஒரே வடிவத்தில் வெட்டினால், தொழிற்சாலையில் பெரிய கண்ணாடித் தகடுகளை வீணாக்காமல் பயன்படுத்தலாம். அதோடு, ஒரே இஞ்சுக்குப் பட்டையான திரையில் பரப்பு குறைவு, ஆகவே செலவும் குறைவு. வாங்குபவர் பார்ப்பது இஞ்சை மட்டும்தானே. 1366 × 768 என்ற விசித்திரமான எண்ணும் இப்படி வந்ததுதான். பழைய 15 இஞ்ச் மானிட்டரின் 1024 × 768இல் உயரத்தைத் தொடாமல் அகலத்தை மட்டும் 16:9 வரும்வரை இழுத்தால் 1365.33, அதை முழுமையாக்கினால் 1366. உயரம் பழைய 768லேயே நின்றுவிட்டது.

அரசு கொடுத்த 14 இஞ்ச் லேப்டாப்பும் இந்தக் காலத்துப் பிள்ளைதான். பிளஸ் டூ மாணவர் பாடநூலின் பிடிஎப்பை அதில் திறந்தால் என்ன ஆகும்? ஏ4 பக்கத்தின் உயரம் 29.7 செ.மீ. அந்தத் திரையின் உயரம் 17.4 செ.மீ. அதிலும் கீழே டாஸ்க்பார், மேலே மெனு. முழுப் பக்கமும் தெரிய வேண்டும் என்றால் எழுத்து எறும்பாகிவிடும். எழுத்து தெரிய வேண்டும் என்றால் பக்கத்தில் பாதிதான் தெரியும். அதே திரையில் ஸ்கோப் படம் போட்டால் 12.2 இஞ்ச் அகலத்தில் ஜம்மென்று ஓடும், இலவச டிவியில் ஓடுவதைவிடப் பெரிதாக! படிப்புக்கென்று கொடுத்த பெட்டியின் வடிவம் படிப்பைவிடச் சினிமாவுக்குப் பொருத்தமாக இருந்தது. அதற்காக எல்காட்டைக் குறை சொல்வது நியாயமில்லை. அந்த ஆண்டுகளில் அந்த விலைக்குச் சந்தையில் கிடைத்த லேப்டாப் எல்லாமே ஏறக்குறைய அதே வடிவம்தான். அந்தத் திரையில்தான் பல லட்சம் பிள்ளைகள் முதல் முறையாகத் தமிழில் தட்டச்சு செய்யக் கற்றார்கள்.

2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. அடுத்த ஆண்டு கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது பாடம் அதில்தான் வந்தது. வீட்டில் பழைய 4:3 பெட்டி இன்னும் உயிரோடு இருந்து, செட்டாப் பாக்ஸில் 'ஓரம் வெட்டு' என்ற அமைப்பு இருந்தால், அகலப் படத்தில் கால் பங்கு வெளியே போய்விடும். சினிமாவில் போனது பூஜாடிக்கு இரண்டு பக்கமும் நின்றவர்கள். இங்கே போவது சமன்பாட்டின் கடைசி எண். டிவி இல்லாத நேரத்தில் கைபேசி. அதிலும் இதே வித்தை நடந்திருக்கிறது. பழைய 5.5 இஞ்ச் போன் 16:9. புதிய 6.5 இஞ்ச் போன் 20:9. ஒரு இஞ்ச் கூடியிருக்கிறது. ஆனால் போனைப் படுக்கவைத்துப் பாட வீடியோவைப் போட்டால், பழையதில் படத்தின் உயரம் 2.70 இஞ்ச், புதியதில் 2.67. கரும்பலகை ஒரு துளிகூடப் பெரிதாகவில்லை. இரண்டு பக்கமும் கறுப்புதான் கூடியிருக்கிறது.

இன்று விம்கோ நகரில் மெட்ரோ ஏறினால் (2021 பிப்ரவரியில் வந்தது) அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கி ரிச்சி தெருவுக்கு நடந்தே போகலாம். அங்கே திரை வாங்கப் போகிறவர் கையில் இரண்டு தகவல் இருந்தால் நல்லது. ஒன்று, வீட்டின் நீளம். "தீப்பெட்டி மாதிரி வீடு" என்று வடசென்னையில் சொல்வது விம்கோவை வைத்தா தெரியாது, ஆனால் எட்டடி, பத்தடி அறைகள்தான் அங்கே அதிகம். டிவி சுவரில், பார்ப்பவர் எதிர்ச் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தால் இடைவெளி ஆறிலிருந்து ஏழு அடி. சாதாரணப் பார்வை உள்ளவருக்கு 32 இஞ்ச் 1366 × 768 திரையின் தனித்தனிப் புள்ளிகள் ஆறடிக்குக் கொஞ்சம் முன்னாலேயே ஒன்றாகக் கலந்துவிடும். 43 இஞ்ச் 1920 × 1080 திரையும் அப்படியே, ஐந்தரை அடியைத் தாண்டினால் புள்ளி தெரியாது. அதே 43 இஞ்சில் 4கே வாங்கினால், அந்தக் கூடுதல் நுணுக்கத்தைக் கண் முழுமையாக உணர மூன்றடிக்குள் போய் உட்கார வேண்டும். ஏழடி அறையில் அதற்காக மட்டும் கூடுதல் பணம் கொடுப்பது அநாவசியம்.

இன்னொன்று, பெட்டியின் மேல் சென்டிமீட்டரில் போட்டிருக்கும் எண். இந்தியாவின் அளவை விதிகள் மெட்ரிக் முறையைக் கேட்பதால் கம்பெனிகள் அதைப் போட்டாக வேண்டும். 32 இஞ்ச் என்று பெரிதாக எழுதிய பெட்டியில் பல சமயம் 80 செ.மீ. என்று இருக்கும். 80ஐ 2.54ஆல் வகுத்தால் 31.5. 43 இஞ்ச் என்பது 108 செ.மீ., அதாவது 42.5. இஞ்ச் என்பது கூப்பிடும் பெயர், சென்டிமீட்டர்தான் அளவு.

லேப்டாப் பக்கம் காற்று கொஞ்சம் திரும்பியிருக்கிறது. 2010களின் பிற்பகுதியிலிருந்து 16:10, 3:2 திரைகள் மறுபடியும் தலைகாட்ட ஆரம்பித்து, இப்போது நடுத்தர விலை லேப்டாப்புகளிலேயே 16:10 சாதாரணமாகக் கிடைக்கிறது. தமிழ்நாடு அரசும் 2025 மார்ச் நிதிநிலை அறிக்கையில் கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் மடிக்கணினியோ கைக்கணினியோ தருவதாக அறிவித்தது. கடையில் சொந்தக் காசில் வாங்குபவருக்கு 14 இஞ்சிலேயே இரண்டு வடிவமும் எதிரெதிரே இருக்கும். 16:9இன் உயரம் 17.4 செ.மீ., 16:10இன் உயரம் 18.8 செ.மீ. வித்தியாசம் 1.4 செ.மீ., பாடநூல் பக்கத்தில் மூன்று வரி.